சப்நெட்: கணக்கு எளிது, கோடு போடுவதுதான் பாடு

ஒரு நெட்வொர்க்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (சப்நெட்களாக)ப் பிரிக்கும் சப்நெட்டிங் என்றதுமே பலருக்கு நினைவுக்கு வருவது தேர்வுத்தாள்தான். ஒரு ஐபி முகவரியையும் மாஸ்க்கையும் கொடுத்து, நெட்வொர்க் முகவரி எது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி எது, எத்தனை கருவிகளை இணைக்கலாம் என்று கேட்பார்கள். இரண்டின் அடுக்குகளை மனப்பாடம் செய்து, விடை எழுதி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்து சேர்ந்தால் அங்கே அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. அதைப் போட்டுத்தர ஏகப்பட்ட கால்குலேட்டர்கள் இருக்கின்றன. அங்கே கேட்கப்படுவது வேறு. இந்தக் கணினிகள், கேமராக்கள், பிரிண்டர்கள், போன்கள் எல்லாவற்றையும் எப்படிப் பிரிப்பது, எதை எதோடு சேர்த்து வைப்பது, எவ்வளவு இடத்தைக் காலியாக விடுவது? தப்பாகப் பிரித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் ஓடும். வலி தெரிவது சில வருடங்கள் கழித்து, பெரும்பாலும் பிரித்தவர் வேறு வேலைக்குப் போன பிறகு.

கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது ஒரு பத்திக்கு மேல் தாங்காது. ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். இடப்பக்கத்துப் பிட்கள் எந்த நெட்வொர்க் என்றும் வலப்பக்கத்துப் பிட்கள் அதற்குள் எந்தக் கருவி என்றும் சொல்கின்றன. இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைச் சொல்வது மாஸ்க். 192.168.10.77/26 என்றால் 26 பிட் நெட்வொர்க்குக்கு, மிச்சம் 6 பிட் கருவிகளுக்கு. 6 பிட்டில் 64 எண்கள் வரும். 0, 64, 128, 192 என்று 64-64 ஆகத் தாண்டிப் போனால் 77 விழுவது 64-க்கும் 127-க்கும் இடையில். 64 நெட்வொர்க் முகவரி, 127 பிராட்காஸ்ட் முகவரி, நடுவில் இருக்கிற 62 எண்கள் கருவிகளுக்கு. இதில் மறக்கக்கூடாதது ஒன்றே ஒன்று: 64 எண்கள் கொண்ட துண்டு 64-இன் மடங்கில்தான் தொடங்க முடியும். நமக்கு வசதியான இடத்தில் தொடங்க முடியாது. இந்த ஒரு விதிதான் பின்னால் திட்டம் போடும்போது நம்மைப் படுத்தும்.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1981-இல் ஐபி நெறிமுறை எழுதப்பட்டபோது மூன்று அளவுகள்தான் இருந்தன. கிளாஸ் ஏ வாங்கினால் ஒரே நெட்வொர்க்கில் சுமார் 1.68 கோடி முகவரிகள், பி வாங்கினால் 65,534, சி வாங்கினால் 254. நடுவில் எதுவும் கிடையாது. பல்கலைக்கழகங்களில் கட்டிடத்துக்கு ஒரு ஈதர்நெட் வர ஆரம்பித்ததும் இது கடித்தது. வெளியுலகத்துக்கு ஒரே நெட்வொர்க் எண், உள்ளே பல துண்டுகள். இவற்றை எப்படிச் சேர்ப்பது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வித்தை செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப்ரி மோகுல் 1984 அக்டோபரில் எழுதிய ஆர்எஃப்சி 917 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசை) இந்தச் சிக்கலைப் பொதுவாகப் பேச ஆரம்பித்தது. மறு வருடம் ஆகஸ்டில் அவரும் ஜான் போஸ்டலும் சேர்ந்து ஆர்எஃப்சி 950 என்று தரமாக்கினார்கள். கருவி எண்ணுக்கான பிட்களில் சிலவற்றை எடுத்து உள்துண்டுக்கு ஒதுக்கு, வெளியில் இருப்பவருக்கு அது தெரியவே வேண்டாம் என்பதுதான் சாரம். வெளியில் இருக்கும் ரூட்டர்களில் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லை என்பதால் அது பரவியது என்று நினைக்கிறேன். 1993-இல் சைடர் (CIDR) என்ற புது முகவரி முறை வந்து கிளாஸ் என்ற கட்டையே உடைத்து, எந்த பிட்டிலும் வெட்டலாம் என்றாக்கியது. ஆனாலும் இன்றைக்கும் /24-ஐ 'கிளாஸ் சி' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதல் துண்டையும் கடைசித் துண்டையும் பயன்படுத்தக்கூடாது, இரண்டைக் கழி என்று சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விதி ஆர்எஃப்சி 950 காலத்தது. அது வழக்கொழிந்துவிட்டது என்று 1995-லேயே எழுதிவிட்டார்கள்.

சரி, எதற்காகப் பிரிக்க வேண்டும்? ஒரே பெரிய /16-இல் எல்லாவற்றையும் போட்டு விட்டால் என்ன? சின்ன இடத்தில் ஒன்றும் ஆகாது. பெரிதாகும்போது முதலில் தொல்லை தருவது பிராட்காஸ்ட். ஒரு கருவி பக்கத்துக் கருவியோடு பேச அதன் மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள 'இந்த ஐபி யாருடையது?' என்று ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் எல்லோரையும் கேட்கும். ஒரு பெரிய கூடத்தில் ஒருவரைத் தேட அவர் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது மாதிரி: கூப்பிடப்பட்டவர் ஒருவர், தலைதூக்கிப் பார்ப்பவர்கள் எல்லோரும். இருபது பேர் இருக்கும் கூடத்தில் இது சகஜம், மூவாயிரம் பேர் இருக்கும் கூடத்தில் யாரும் வேலை பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால் இன்றைய கணினிக்கு ஏஆர்பி ஒரு பொருட்டே இல்லை, ஆயிரம் கருவிகள் இருந்தாலும் தாங்கிவிடும். பலவீனமான சிப் வைத்த கேமராவும் கதவுப் பூட்டும்தான் திணறும், அவைதான் இப்போது எண்ணிக்கையில் அதிகம். வைஃபையில் இன்னும் மோசம், ஏனென்றால் பிராட்காஸ்ட் அங்கே குறைந்த வேகத்தில் போகும். காற்றை அது பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு யாரும் பேச முடியாது.

பிராட்காஸ்டைவிட நான் அதிகம் பயப்படுவது லூப்பைப் பார்த்துத்தான். யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சின்ன ஸ்விட்ச்சில் செருகிவிடுகிறார். லூப் தடுப்பு சரியாக இல்லாவிட்டால் ஒரு பிராட்காஸ்ட் சட்டகம் (ஈதர்நெட்டில் போகும் தரவுப் பொட்டலம்) சுற்றிச் சுற்றிப் பெருகி முழு நெட்வொர்க்கையும் அடைத்துவிடும். ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் எண் கிடையாது, அது தானாகச் சாகாது. நெட்வொர்க் துண்டுகளாக இருந்தால் அந்தத் துண்டு மட்டும் படுக்கும். ஒரே துண்டாக இருந்தால் எல்லாமே படுக்கும். எங்கே லூப் என்று தேடுவதற்கு ஸ்விட்ச்சுக்குள் நுழையக்கூட முடியாது, ஏனென்றால் ஸ்விட்ச்சின் நிர்வாக முகவரியும் அதே துண்டில்தான் இருக்கும். ஆகவே வேறு எதைப் பிரிக்காவிட்டாலும் நிர்வாக முகவரிகளைத் தனி சப்நெட்டில் வையுங்கள்.

மாஸ்க்கைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான படம் மனதில் இருக்கிறது. அது ஏதோ நெட்வொர்க்கின் குணம், ரூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு கருவியும் தன் மாஸ்க்கை வைத்துத் தானே முடிவெடுக்கிறது: போக வேண்டிய முகவரி என் துண்டில் இருக்கிறதா, இருந்தால் நேராகக் கூப்பிடு, இல்லாவிட்டால் துண்டுக்கு வெளியே அனுப்பும் கேட்வேயிடம் கொடு. ஆகவே ஒரு கருவியின் மாஸ்க் மட்டும் தப்பாக இருந்தால் வரும் கோளாறுகள் மிக விசித்திரமானவை. துண்டு /24, ஆனால் 10.1.5.20 என்ற சர்வரில் யாரோ /16 என்று போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணையம் வேலை செய்யும், பக்கத்துக் கணினி வேலை செய்யும், 10.1.9.30 மட்டும் கிடைக்காது. ஏனென்றால் அது தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து இந்த சர்வர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது.

மறுபக்கத் தவறு இன்னும் தந்திரமானது. /24-க்குப் பதிலாக /25 போட்டுவிட்டால் 10.1.5.20-க்கு 10.1.5.200 வெளியூர் ஆகிவிடும். கேட்வேயிடம் கொடுக்கும், கேட்வே அதை அதே கம்பியில் திருப்பி அனுப்பும், போய்ச் சேரும். ஆனால் 200-இன் மாஸ்க் சரியாக இருப்பதால் அது பதிலை நேராக அனுப்பும். கேட்வே வெறும் ரூட்டராக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவே எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் பயர்வாலாக இருந்தால் உரையாடலின் ஒரு பாதியை மட்டும் பார்க்கிறது. முதல் பாக்கெட்டைப் போகவிட்டு, பதில் வந்ததை நான் பார்க்கவே இல்லையே என்று மூன்றாவதைத் தூக்கி எறிந்துவிடும். பிங் என்ற சோதனைப் பாக்கெட் போகும், இணைப்பு நிற்காது. பயர்வால் குழுவும் சர்வர் குழுவும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவதற்கு இது போதும். இப்படி 'பாதி வேலை செய்கிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது மாஸ்க்கைத்தான்.

இனி கோடு போடும் விஷயம். உங்களிடம் 10.40.0.0/16 இருக்கிறது, பல கட்டிடங்கள் இருக்கின்றன. தேர்வு மனநிலையில் இருப்பவர் ஒவ்வொரு தேவைக்கும் சரியாகப் பொருந்தும் அளவை வெட்டி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நெருக்கமாக அடுக்குவார். 50 பிரிண்டரா, /26. 120 கேமராவா, /25. ஒரு முகவரிகூட வீணாகவில்லை என்று மகிழ்ச்சி. அடுத்த வருடம் கேமராக்கள் 140 ஆகும்போது பக்கத்தில் இடம் இருக்காது. வேறெங்கோ இன்னொரு துண்டு எடுத்து, கேமராக்கள் இரண்டு இடத்தில் என்று ஆகி, பயர்வால் விதி இரட்டிக்கும். உள்ளே மட்டும் பயன்படும் தனியார் முகவரிகளில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் புரியாத ஒன்று. 10.0.0.0/8 முழுக்க நம்முடையது, 1996-இன் ஆர்எஃப்சி 1918 அதை எல்லோருக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது.

நான் செய்வது இப்படி. கட்டிடத்துக்கு ஒரு /20 என்று ஒதுக்கினால் 4,096 முகவரிகள், /16-க்குள் பதினாறு கட்டிடங்கள். ஒரு கட்டிடம் 10.40.16.0/20, அதாவது 16.0-இலிருந்து 31.255 வரை. வைஃபைக்கு 10.40.16.0/22. கம்பி வழி இணையும் கணினிகளுக்கு 10.40.20.0/23, இது 20-ஐயும் 21-ஐயும் எடுத்துக்கொள்ளும். அடுத்த துண்டை 22-இல் தொடங்கத்தான் கை துடிக்கும், தொடங்காதீர்கள். 22-ஐயும் 23-ஐயும் காலியாக விட்டுவிட்டு 24-க்குப் போங்கள். நாளைக்குக் கணினிகள் பெருகினால் மாஸ்க்கை /23-இலிருந்து /22 ஆக்கினால் முடிந்தது, யாருடைய முகவரியும் மாறாது. 24.0/25 கேமராக்களுக்கு, 24.128/25 காலி, 25.0/26 பிரிண்டர்களுக்கு. வைஃபை தவிர மற்ற ஒவ்வொரு துண்டுக்கும் அதன் இரட்டைப் பாதியைக் காலியாக வைப்பது என்பதுதான் இதில் உள்ள ஒரே வித்தை. முன்பு சொன்ன மடங்கு விதி இங்கேதான் வேலைக்கு ஆகிறது: 20-இல் தொடங்கிய துண்டு 22, 23 பக்கம் வளரலாம், 22-இல் தொடங்கிய துண்டை /22 ஆக்கவே முடியாது, ஏனென்றால் அந்த /22 உண்மையில் 20-இல் தொடங்குகிறது.

கட்டிடம் முழுவதும் ஒரே /20-க்குள் இருப்பதால் மற்ற ரூட்டர்களுக்கு அந்தக் கட்டிடம் ஒரே ஒரு வரி. உள்ளே எத்தனை துண்டு போட்டாலும் வெளியே தெரியாது. எல்லாக் கட்டிடத்திலும் கேமராக்கள் ஒரே இடத்தில் இருக்கும்படி வைத்தால் முகவரியைப் பார்த்ததுமே இது எந்தக் கட்டிடம், என்ன கருவி என்று சொல்லிவிடலாம். நள்ளிரவில் பதிவேட்டைப் படிக்கும்போது இதன் அருமை தெரியும். ஸ்விட்ச்சில் துண்டுகளைப் பிரித்து வைக்கும் விலானின் எண்ணையும் முகவரியையும் பொருத்திப் பார்க்க ஆசைப்படுவார்கள், விலான் 24 என்றால் மூன்றாவது எண் 24 என்று. சின்ன இடத்தில் அழகாக இருக்கும். ஆனால் விலான் எண் 4,094 வரை போகும், முகவரியின் ஒரு பகுதி 255-இல் நின்றுவிடும். பாதியில் உடையும் ஒழுங்கைவிட ஒழுங்கில்லாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பிரித்துவிட்டோம், ஆகவே பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறைய. துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் ரூட்டர் எதையும் தடுக்காமல் எல்லாவற்றையும் கடத்திக்கொண்டிருந்தால் பிராட்காஸ்ட் மட்டும்தான் நின்றிருக்கிறது. திருடனுக்கு ஒரு தடையும் இல்லை. சப்நெட் என்பது காவல் போடுவதற்கு ஓர் இடத்தை உருவாக்கித் தருகிறது, காவலை நாம்தான் போட வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் முதலில் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லை வைத்து. அங்கிருந்து பணம் வாங்கும் கருவிகள் வரை போக முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முகவரி மோதல் என்று இன்னொரு தலைவலி. 192.168.1.0/24-ஐ உலகத்தில் பாதிப் பேர் வீட்டில் வைத்திருக்கிறார்கள், ரூட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருகிறது. அலுவலகத்திலும் அதையே வைத்தால் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருபவரின் லேப்டாப் அலுவலக சர்வரைத் தன் வீட்டுக்குள் தேடும். மென்பொருட்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரை நிறுவினால் அது வழக்கமாக 172.17.0.0/16-ஐத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். உங்கள் சர்வர்கள் அந்த வரம்பில் இருந்தால் டெவலப்பர்களுக்கு மட்டும் அவை மர்மமாகக் கிடைக்காது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பேரும் 10.0.0.0-இலிருந்து எண்ணத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே புதிதாகத் தொடங்குபவர் எல்லோரும் எடுக்கும் எண்ணை எடுக்காமல் 10.83 மாதிரி எங்காவது நடுவில் தொடங்குவது நல்லது, செலவே இல்லாத காப்பீடு. கிளவுடிலும் இதே கதைதான், கூடவே ஒரு வித்தியாசம்: அமேசானின் கிளவுடில் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளை அவர்களே வைத்துக்கொள்வார்கள், ஆக /28 எடுத்தால் நமக்குக் கிடைப்பது 11. உருவாக்கிய பிறகு அளவை மாற்றவும் முடியாது. அப்படிப்பட்ட பெட்டிகளை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் அங்கே ஒவ்வொரு பாடுக்கும் (pod, சேர்ந்து ஓடும் பெட்டிகளின் தொகுதி) ஒரு முகவரி எடுக்க ஆரம்பித்தால் /24 எல்லாம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் இந்த எண்ணிக்கைக் கவலை கிடையாது. ஒரு சப்நெட் என்றால் /64, பெரியதோ சின்னதோ. ஓர் இடத்துக்கு /48 கிடைத்தால் 65,536 சப்நெட்கள். கருவிகளை எண்ண வேண்டாம், மாஸ்க் யோசிக்க வேண்டாம். எதை எங்கே வைப்பது, எதற்கு நடுவில் காவல் போடுவது என்பது மட்டும் அப்படியே மிச்சம் இருக்கிறது.

வெள்ளைத்தாளில் திட்டம் போடுவது சுகம். பெரும்பாலும் நமக்கு வாய்ப்பது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும், பல வருடங்களாக ஒரே துண்டாக வீங்கிப்போன நெட்வொர்க். அதை நிறுத்தாமல் பிரிக்க வேண்டும். இதில் அவசரம் உதவாது. முதலில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சில வாரங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஸ்விட்ச்சின் மேக் அட்டவணை, ரூட்டரின் ஏஆர்பி அட்டவணை, முடிந்தால் டிராஃபிக் பதிவு. ஆவணத்தில் இல்லாத கருவிகள் அப்போதுதான் தலைகாட்டும். முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியில் முகவரி வாங்குபவை சுலபம்: லீஸ் காலத்தை, அதாவது ஒரு முகவரி செல்லுபடியாகும் காலத்தை, முன்கூட்டியே ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டால் மாற்றும் நாளில் எல்லாம் தானாகப் புது முகவரிக்கு வந்துவிடும். கையால் முகவரி போட்டவைதான் உழைப்பு.

அப்புறம், பிராட்காஸ்டை நம்பி வாழும் விஷயங்கள். துண்டு துண்டாகப் பிரித்ததும் அவை சத்தமில்லாமல் நின்றுபோகும். டிஹெச்சிபியே அப்படித்தான், புதுத் துண்டின் ரூட்டரில் அந்தக் கோரிக்கையை டிஹெச்சிபி சர்வருக்குக் கடத்தும் ரிலே போடாவிட்டால் யாருக்கும் முகவரி கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிப்பது, டிவியில் படம் அனுப்புவது, தூங்கும் கணினியைத் தூரத்திலிருந்து எழுப்புவது, எல்லாம் ஒரே துண்டில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஆகவே நான் முதலில் நகர்த்துவது யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியில்லாத கேமராக்களையும் போன்களையும். பிரிண்டர்கள் அதற்குப் பிறகு, அதுவும் பிரிண்ட் சர்வர் வழியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டு. மனிதர்கள் உட்காரும் கணினிகளைக் கடைசியில். நடுவில் சில நாட்கள் ரூட்டரின் ஒரே இடைமுகத்தில் பழைய முகவரியோடு புதிய முகவரியையும் இரண்டாவது முகவரியாகச் சேர்த்து ஓட்டலாம். அசிங்கம்தான், ஆனால் சில நாட்களுக்குத்தான். அந்தச் சில நாட்களுக்கு ஒரு தேதி குறிக்காவிட்டால் அது நிரந்தரமாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் எந்த இடத்திலும் ஒன்றிரண்டு கருவிகள் நகர மறுக்கும். விற்ற நிறுவனம் மூடிவிட்டது, அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, 10.0.3.7 என்ற முகவரியும் /16 என்ற மாஸ்க்கும் அதற்குள் செதுக்கப்பட்டுவிட்டன. அதைத் தொடவும் முடியாது, தூக்கிப்போடவும் முடியாது. இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது. 10.0.3.0/28 என்று அதைச் சுற்றி மட்டும் ஒரு குட்டித் துண்டு போட்டு, அந்த இடைமுகத்தில் ப்ராக்சி ஏஆர்பியை இயக்கிவிடுங்கள். பழைய உலகம் அப்படியே இருப்பதாக நினைத்து அந்தக் கருவி 10.0.9.20-ஐச் சத்தம் போட்டுக் கூப்பிடும்; ரூட்டர் 'நான்தான் அது' என்று பதில் சொல்லி, பாக்கெட்டை வாங்கிச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடும். சப்நெட் என்றால் என்ன என்றே தெரியாத கணினிகளைச் சமாளிக்கத்தான் 1987-இல் இந்த வழியை ஆர்எஃப்சி 1027-இல் எழுதி வைத்தார்கள். மற்ற எல்லா இடைமுகங்களிலும் இதை அணைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் தப்பான மாஸ்க் எதுவும் வெளியே தெரியாமலே ஓடும். இந்த /28-இல் மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கருவிக்கு எந்த முகவரி, எந்தப் போர்ட் தேவை என்று பார்த்து அதை மட்டும் பயர்வாலில் திறந்து, ஏன் இப்படிச் செய்திருக்கிறது என்று ஆவணத்தில் இரண்டு வரி எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அதை அணைத்துவிட்டு முழிக்க மாட்டார்.